ஒரே காம்பராவில் இரண்டு அடுப்பு

மேல் பிரிவு,
நோர்வூட்.
2020 மே.

அன்பும் மரியாதையும் மிக்க மாயாண்டி மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை மீனம்மாவின் கணவன் கஜேந்திரன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். உங்கள் தங்கையும் நலம். ஆனால் தனித்தனியாக நலம். பொல்பிட்டியவில் நீங்களும் அக்காவும் சேர்ந்தே நலமாக இருக்க முத்துமாரி துணை நிற்கட்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். ஒட்டி ஒட்டி நிற்கிற லயத்து வீடுகளின் சுவரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் வீட்டில் தும்மினால் கடைசி வீட்டில் முகக்கவசத்தைத் தேடுகிற காலம் இது. இருபது வருஷமாக மைக்கில் பேசிய எனக்கு மெதுவாகப் பேசவும் வராது. சொல்லப்போகும் விஷயமோ சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவள் காதில் விழக் கூடாதது. அந்தப் பக்கம் இருப்பவள் உங்கள் தங்கைதான். நான் வாசல் பக்கம் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கொரோனா வந்து ஊரடங்கு போட்டதிலிருந்து ‘கஜேந்திரன் சவுண்ட் சேர்விஸ்’ வாய் திறக்கவில்லை. திருவிழா இல்லை, கல்யாணம் இல்லை, சடங்கு இல்லை. சாவு வீடுகள் இருந்தன, ஆனால் நாலைந்து பேருக்கு மேல் நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால் ஒப்பாரிக்கு மைக் தேவைப்படவில்லை. ஹோர்ன்களைச் சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டு நான் வெறுமனே உட்கார்ந்திருந்தேன். தோட்டத்து வேலை மட்டும் நிற்கவில்லை. உங்கள் தங்கை வழக்கம்போல் விடியுமுன் எழுந்து, சமைத்து வைத்து, பெரட்டுக் களத்துக்குப் போய்ப் பேர் கொடுத்து, மலையேறிக் கொழுந்து பறித்து, பின்னேரம் வந்து மறுபடி சமைத்தாள். நான் மைக்கைத் துணியால் துடைத்தேன். அப்போதுதான், சொந்தத் தொழில் செய்து வருமானம் இழந்தவர்களுக்கு அரசாங்கம் ஐயாயிரம் ரூபாய் கொடுக்கிறது என்று செய்தி வந்தது. அதை லயம் லயமாக அறிவிக்க வேண்டும் என்று கிராம சேவகர் என்னையே கூப்பிட்டார். கூலி கிடையாது, சமூக சேவை. ஓட்டோவின் தலையில் ஒரு ஹோர்னைக் கட்டி, அவர் கொடுத்த விவரத்தை வாசித்துக்கொண்டே போனேன். “அன்பார்ந்த பொதுமக்களே! மாதச் சம்பளம் பெறுபவர் உள்ள குடும்பங்களுக்கு இந்த உதவி கிடையாது என்பதை மிகத் தாழ்மையுடன் அறியத் தருகிறோம்!” வளைவுக்கு வளைவு நிறுத்திக் கணீரென்று வாசித்தேன். கோயில் வளைவுக்கு வந்தபோதுதான் அது என் காதிலேயே விழுந்தது. எங்கள் வீட்டில் சம்பளம் வாங்குகிறவள் எதிர் மலையில் கூடையோடு நின்றுகொண்டிருந்தாள். என்னை நானே தள்ளிவைத்த அந்த அறிவிப்பை இன்னும் பாதித் தோட்டத்துக்கு வாசிக்க வேண்டியிருந்தது. வாசித்தேன். தொழிலில் நான் பாதியில் நிறுத்துவதில்லை.

மறுநாள் கிராம சேவகரைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர், சிங்களவர், தமிழைத் தைரியமாகப் பேசுவார். “நீங்கதானே சொன்னது? நானும் கேட்டது. சம்பளம் இருந்தா இல்லை,” என்றார். நான் சலாம் வைத்துத் திரும்பும்போது பின்னாலிருந்து கூப்பிட்டு, “லயத்தில ஒரு வீட்டில ரெண்டு குடும்பம் இருக்கிறதுதானே. வேற வேற சமைச்சா வேற வேற குடும்பம். அப்படி இருந்தா சொல்லுங்க, நான் வந்து பார்க்கிறது,” என்றார். அவர் சொன்னது கல்யாணம் கட்டியும் இடமில்லாமல் ஒரே காம்பராவில் குடியிருக்கும் அண்ணன் தம்பிகளைப் பற்றி. அது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் எனக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. பெண்டாட்டி மட்டும்தான் இருக்கிறாள். இருப்பதை வைத்துத்தானே பிரிய முடியும்?

உங்கள் தங்கை மலையிலிருந்து வந்ததும் விஷயத்தை உடைத்தேன்.

“மீனா, கொஞ்ச நாளைக்கி நாம ரெண்டு பேரும் ரெண்டு குடும்பம்.”

“எதுக்குங்க?”

“ஐயாயிரத்துக்கு.”

“அப்ப ஒங்களுக்கு யாரு ஆக்கிப் போடுவா?”

“நானே ஆக்கிக்கிறேன். அவரு வந்து பாத்துட்டுப் போற வரைக்குந்தானே.”

தலையிலிருந்து கூடையை இறக்கி வைத்தாள். “சரிங்க,” என்றாள். மச்சான், அந்தச் ‘சரிங்க’ அவ்வளவு சீக்கிரம் வந்திருக்கக் கூடாது. அதை நான் அன்றைக்கே கவனித்திருக்க வேண்டும்.

இஸ்தோப்பு மூலையில் மூன்று கல்லை வைத்துக் களிமண் பூசி அடுப்புப் போட்டேன். கவாத்து வெட்டிய மலையிலிருந்து ஒரு கட்டு மிலாறு விறகு கொண்டுவந்தேன். எல்லாம் தயார், அதிகாரி வருவதுதான் பாக்கி. அன்றைக்குப் பார்த்து, கொழும்பிலிருந்து ஒளிந்து வந்த ஒரு ஆள் எங்கள் லயத்தில் பிடிபட்டார். லயம் முழுவதையும் கயிறு கட்டி மூடிவிட்டார்கள். யாரும் வெளியே போக முடியாது, கிராம சேவகர் உள்ளே வர முடியாது. ஒரு வேளை நடிப்புக்காகப் போட்ட அடுப்பில் மூன்று வேளையும் நிஜமாகவே சமைக்க வேண்டியதாகிவிட்டது. ஏனென்றால் லயத்தில் ஒரு வீட்டில் இரண்டு இடத்தில் புகை வந்தால் அதற்கு ஒரே அர்த்தந்தான். பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு இஸ்தோப்புத் தடுப்புக்கு மேலே தலையை நீட்டி, “என்னண்ணே, பிரிஞ்சிட்டீங்களா?” என்று கேட்டாள். இல்லை என்று சொன்னால் அது கிராம சேவகர் காதுக்கு அன்று மாலையே போய்விடும். “ஆமாம்மா,” என்றேன். “பாவம், நல்ல மனுசி,” என்றாள். அவள் பரிதாபப்பட்டது எனக்காக இல்லை.

அதற்குப் பிறகு எதுவும் என் கையில் இல்லை. நிவாரண மூட்டை வந்தது, எங்கள் வீட்டுக்கு இரண்டு கொடுத்தார்கள். சந்தோஷப்பட்டு முடிக்குமுன் கோயில் பொருளாளர் கயிற்றுக்கு வெளியே நின்று வரி கேட்டார். நம் கோயிலில் அடுப்புக்கு ஒரு வரி என்பது உங்களுக்குத் தெரியும். “திருவிழாவே இல்லையே, அதுக்கு ரெண்டு வரியா?” என்று கேட்டேன். “ரெண்டு பொகை வருதேண்ணே,” என்றார். எனக்கு வந்த அரிசியைக் கஞ்சியாகவும் கரியாகவும் மாற்றி முடித்துவிட்டு, கோதுமை மாவுக்கு வந்தேன். ரொட்டி மட்டும் ஓரளவு கைக்குப் பிடிபட்டது. உள்ளே உங்கள் தங்கை ஒரு ஆளுக்கு அளவாகச் சோறாக்கி, பருப்புத் தாளித்துச் சாப்பிட்டாள். வாசனை சுவரைத் தாண்டும், உரிமை தாண்டாது.

கயிறு அவிழ்த்த பிறகும் விடவில்லை. தோட்டத் தலைவர் பஞ்சாயத்துக்கு வந்துவிட்டார். “நீங்க ரெண்டு பேரும் இப்புடி இருந்தா நம்ம டிவிசனுக்கே அசிங்கம்,” என்றார். கோயில் முன்னால் எல்லோரும் ஆளுக்கு ஆள் தள்ளித் தள்ளி நின்றார்கள். முகக்கவசத்துக்குள்ளிருந்து ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை. தலைவர் கையை உயர்த்தி, “கஜேந்திரா, ஒன் மைக்கக் கொண்டாப்பா,” என்றார். ஊரடங்கு தொடங்கியதிலிருந்து எனக்கு வந்த முதல் வேலை, என் சொந்தப் பிரிவினைப் பஞ்சாயத்துக்கு ஒலிபெருக்கி கட்டுவது. கட்டினேன். ஹோர்னை எதிர் மலைப் பக்கம் திருப்பி வைத்தேன், பழக்கதோஷம்.

முதலில் என்னைக் கேட்டார்கள். மைக் கிடைத்ததும் நான் ‘பேரன்புமிக்க’ என்று தொடங்கிவிட்டேன். தலைவர் பிடுங்கி உங்கள் தங்கையிடம் கொடுத்தார். வாழ்க்கையில் அவள் மைக்கைத் தொட்டது அதுதான் முதல் தடவை. நான் அம்ப் பெட்டிப் பக்கத்தில் நின்றேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “எனக்கு அவரு மேல கோவம் ஒண்ணும் இல்லீங்க. அடிக்க மாட்டாரு, வைய மாட்டாரு. விடியாம எந்திரிச்சி ரெண்டு பேருக்கு ஆக்கி வச்சிட்டு மலைக்கிப் போவேன். வந்து திரும்ப ஆக்குவேன். இப்ப ஒரு ஆளுக்குத்தான் ஆக்குறேன். பின்னேரம் கால நீட்டிச் சித்த நேரம் ஒக்காந்து இருக்கேன். கல்யாணம் கட்டி வந்ததுலேருந்து நான் ஒக்காந்து இருந்தது இப்பத்தாங்க.” பெண்கள் பக்கம் ஒரே கைதட்டல். மச்சான், ஒலியைக் குறைக்கிற திருகு என் விரலுக்கடியில்தான் இருந்தது. நான் குறைக்கவில்லை. ஒரு கீச்சுச் சத்தம் இல்லாமல், மைக்கை வாயிலிருந்து சரியான தூரத்தில் பிடித்து, அவள் பேசியது மலையில் பட்டுத் திரும்பி வந்தது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. எது கூடுதல் என்று இன்னும் தெரியவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில், “நல்லா நடிச்ச மீனா,” என்றேன்.

“யாருங்க நடிச்சா?” என்றாள்.

கிராம சேவகர் மறுநாள் வந்தார். அடுப்பைப் பார்க்கவே இல்லை. பஞ்சாயத்து அவருடைய வீடு வரைக்கும் கேட்டதாம். முறைக்காக உங்கள் தங்கையிடம், “இவர் உங்க குடும்பமா?” என்று மட்டும் கேட்டார். ஒரு இமைப்பொழுதாவது யோசிப்பாள் என்று நினைத்தேன். “இல்ல மாத்தயா,” என்றாள். ஐயாயிரம் கைக்கு வந்துவிட்டது. இஸ்தோப்பில் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே அவள் பீங்கானைக் கழுவுகிற சத்தம் கேட்கிறது. இவ்வளவு வருஷமும் அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டபோது நான் பேச்செல்லாம் அடுத்த திருவிழாவைப் பற்றித்தான் பேசினேன். இப்போது பேச எவ்வளவோ இருக்கிறது, கேட்க ஆள் சுவருக்கு அந்தப் பக்கம். எனக்கு அவள் வேண்டும் மச்சான். அதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார், இனி சேர்ந்துகொள்ளலாமே என்று இரண்டு தடவை இருமிக் காட்டிவிட்டேன். கொரோனாவா என்று அம்மாக்கண்ணுதான் கேட்டாள். ஆகவே நீங்கள் பஸ் ஓடத் தொடங்கியதும் முதல் பஸ்ஸிலேயே புறப்பட்டு வந்து, உங்கள் தங்கைக்கு நல்ல புத்தி சொல்லி, இந்த இரண்டு அடுப்பையும் ஒன்றாக்கித் தர வேண்டும் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகள் கையைக் கழுவட்டும், கல்வியைக் கைவிடாமல் இருக்கட்டும். உங்கள் குடும்பத்தில் என்றும் ஒரே புகை எழ வேண்டும் என்று அம்மனை வேண்டி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்,
சி. கஜேந்திரன்.

பி.கு.: மச்சான், வர வேண்டாம். கவரை ஒட்டப் பசை இல்லை. சோற்றுப் பருக்கை இருந்தால் போதும், ஆனால் என் அடுப்பில் ஏது சோறு? உள்ளே போய் ஒரே ஒரு பருக்கை கேட்டேன். “யாருக்குக் காயிதம்?” என்று வாங்கி, நின்றுகொண்டே முழுவதையும் படித்தாள். இருமிக் காட்டிய இடத்தில் சிரித்தாள். பிறகு இஸ்தோப்புக்கு வந்து என் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மிச்சம் இருந்த ரொட்டியைப் பிய்த்துத் தின்றாள். “உப்புக் கூடிப் போச்சு. பரவால்ல, பின்னேரம் நீங்க சுடுங்க, காலையில நான் ஆக்குறேன். ஒண்ணா ஒக்காந்து திம்போம்,” என்றாள். அதனால் இரண்டு அடுப்பும் இருக்கும். அந்தக் களிமண்ணை இடிக்க விட மாட்டாளாம். நானும் இடிக்க மாட்டேன்.

ஆனால் அடுத்த மாதத்துக்கும் ஐயாயிரம் கொடுப்பதாகச் சொல்கிறார்கள், கிராம சேவகர் திரும்பவும் வருவாராம். அதுவரை வெளியில் நாங்கள் பிரிந்தவர்கள்தான். நீங்கள் பதில் எழுதினால், கவரின் மேல் மைத்துனர் என்று போட்டுவிடாதீர்கள். நம் தபாலெல்லாம் தோட்டத்து ஆபிஸ் வழியாகத்தான் வருகிறது. யாராவது கேட்டால் என்னைத் தெரியாது என்று சொல்லுங்கள். மீனம்மா உங்களை மிகவும் விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு,
உங்களுக்கு எந்த உறவும் இல்லாத,
சி. கஜேந்திரன்.