மூக்கண்ணனும் மூன்று ஊர் ஒயினும்

1. எங்கள் மசாலா கம்பெனி முதலாளியின் மகன் ஐரோப்பாவிலிருந்து மூன்று பாட்டில் சிவப்பு ஒயின் கொண்டுவந்தார்.
2. மூன்றும் கமே என்ற ஒரே ரகத் திராட்சை. ஊர் மட்டும் வேறு: பிரான்சில் பூஜோலே, லுவார், மூன்றாவது சுவிட்சர்லாந்து.
3. மூன்றையும் பிரித்துச் சொன்னால், மசாலா முகரும் மூக்கண்ணனுக்கு வேலை தொடரும், இல்லாவிட்டால் தீபாவளியோடு ஓய்வு என்றார் முதலாளி.
4. மூக்கண்ணன் ஒயினை உள்ளங்கையில் ஊற்றி, மல்லித்தூளைப் போலத் தேய்த்தார்.

திண்டுக்கல்லில் அவர் மூக்குக்குத் தப்பிய வாசனை இன்னும் பிறக்கவில்லை. அவருக்கு வேறு பெயர் இருப்பதாக வருகைப் பதிவேடு சொல்கிறது, யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அரைத்த மசாலா அவர் முகர்ந்து தலையசைத்தால்தான் பாக்கெட்டுக்குப் போகும். முகரும் நாளில் சோப்பு போட மாட்டார். பவுடர் பூசி வந்தவர்களை வாசலிலேயே முகம் கழுவ அனுப்புவார். ஒருமுறை லாரி நிறைய வந்த மல்லியைத் திருப்பி அனுப்பினார். சாக்கில் முன்பு வெங்காயம் இருந்ததாம். லாரிக்காரர் சாமி மேல் சத்தியம் செய்தார். செத்த நேரம் கழித்து, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் வாங்கிய பழைய சாக்கு என்று ஒப்புக்கொண்டார்.

நான் அங்கே சேர்ந்தது, வாசனையை எண்ணாக்கும் எந்திரத்தோடு. அதாவது, அவருக்குப் பதிலாக. அவருக்கும் அது தெரியும். முதல் நாள் எந்திரத்தைச் சுற்றி வந்து முகர்ந்துவிட்டு, "தாயி, ஒன் மிசினுக்குச் சளி பிடிச்சா என்ன செய்வ?" என்று விசாரித்தார்.

ஒயின் சோதனையை வடிவமைத்தது நான்தான், ஊற்றியதும் நான்தான். ஆறு சின்ன டம்ளர். ஒவ்வொரு ஒயினும் இரண்டில். அவர் ஜோடி சேர்க்க வேண்டும். எந்த டம்ளரில் எது என்பது என் தாளில். நாங்களும் ஆளுக்கு ஒரு வாய் ருசி பார்த்தோம். எனக்கு மூன்றும் ஒரே புளிப்பு. முதலாளி இருமல் மருந்து என்றார்.

மூக்கண்ணன் தேய்த்தார், முகர்ந்தார், விரலால் தொட்டு நாக்கில் வைத்தார், வாளியில் துப்பினார். முதலாளி வாளியை எட்டிப் பார்த்தார். ஐரோப்பாவிலும் ருசி பார்ப்பவர்கள் துப்பத்தான் செய்வார்கள் என்று மகன் சமாதானம் சொன்னார்.

ஒன்று சிறுமலை வாழைப்பழமாம், அது பூஜோலே. இன்னொன்று பச்சை மிளகு, லுவார். சுவிட்சர்லாந்து, உப்பில் தொட்ட நாவற்பழம். வாசனையை மூக்கண்ணன் சொல்லச் சொல்ல, மகன் தலையாட்டிக்கொண்டே ஊரைச் சொன்னார். பிறகு மூக்கண்ணன் டம்ளர்களை நகர்த்திப் பிரித்தார். வாழைப்பழம் இரண்டு. மிளகு மூன்று. நாவற்பழம் ஒன்று.

"ரெண்டு ரெண்டுன்னு சொன்னோம்லண்ணே. அம்புட்டுத்தான், மூக்கு ஓஞ்சு போச்சு" என்றார் முதலாளி. குரலில் கொஞ்சம் வருத்தமும் இருந்தது.

மூக்கண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே, "ஊத்துன பிள்ளையக் கேளுங்க" என்றார்.

என் தாளில் இரண்டு, இரண்டு, இரண்டு என்று தெளிவாக இருந்தது. அதை நீட்டியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். நான் பாட்டில்களில் மீதி இருந்ததைப் பார்த்தேன். பூஜோலேயைவிட லுவார் ஒரு டம்ளர் குறைவாகவும், சுவிட்சர்லாந்து ஒரு டம்ளர் கூடுதலாகவும் இருந்தன.

"நான்தான் மாத்தி ஊத்திட்டேன் சார்" என்றேன்.

முதலாளி என்னையும் பாட்டில்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"விடுங்க. பயந்துக்கிட்டே ஊத்திருக்கு. பயந்த வாடை எனக்கு அப்பவே அடிச்சுச்சு" என்றார் மூக்கண்ணன். நான் பதற்றப்படாதவள் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

இப்போதைய நிலை: மூக்கண்ணன் வேலையில் இருக்கிறார். எந்திரமும் இருக்கிறது. இருவருக்கும் ஒத்துப்போகாத நாளில் நான் எந்திரத்தைத்தான் கழற்றிப் பார்க்கிறேன்.