பதினைந்து பேருக்கு ஒருவர்

மனித குலம் இதுவரை இயற்றியவற்றுள் தலைசிறந்தது, ஒரு கல்லூரி பல்கலைக்கழகமாக உயர அரசு விதித்திருக்கும் நிபந்தனைத் தொகுப்பே. அதில் இருப்பவை அறுபது நிபந்தனைகளா எழுபதா என்பதில் எனக்குக் குழப்பம் உண்டு. இந்தக் கதையில் வரும் பேச்சுகளும் அப்படியேதான் நடந்தனவா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் ஒரு நிபந்தனை மட்டும் மறக்கவில்லை: ‘பதினைந்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் இருத்தல் வேண்டும்.’ என்ன சுருக்கம்! என்ன ஆழம்!

அந்த ஒற்றை வரி ஒரு கல்லூரியின் தூக்கத்தைக் கெடுத்தது. அங்கே ஓர் ஆசிரியருக்கு அறுபது பேர். பேருந்து முதலாளியாக இருந்து கல்விப் பணிக்கு வந்த தாளாளர், முதல்வரை அழைத்தார்.

“அறுபது பேர் இருந்தா என்னய்யா? நம்ம பஸ்ல தொங்கிக்கிட்டே அதுக்கு மேல போறான்.”

“பஸ்ஸுக்கு இந்த நிபந்தனை இல்லீங்க.”

“புதுசா வாத்தியாருங்களப் போடு.”

“சம்பளம் கேப்பாங்களே.”

அறையில் மௌனம் சூழ்ந்தது. கல்வி வரலாற்றின் பெரிய முடிவுகள் இத்தகைய மௌனங்களில்தான் கருக்கொள்கின்றன. முதல்வர் அடிப்படையில் கணக்கு வாத்தியார். மெல்ல அவர் முகம் ஒளிர்ந்தது.

“ஐயா, ஒரு மாணவன ஆசிரியரா ஆக்கிட்டா ஆசிரியர்ல ஒண்ணு ஏறுது. மாணவர்ல ஒண்ணு இறங்குது. ஒரே கல்லுல ரெண்டு மாங்கா.”

“கல்லு என்ன விலை?”

“விலையா? கல்லுதாங்க நமக்கு ஃபீஸ் கட்டுது.”

கூட்டிக் கழித்துப் பார்த்ததில், இறுதியாண்டு இயற்பியல் வகுப்பு முழுவதையும் பதவி உயர்த்தினால் கணக்கு நேராகிவிடும் என்று தெரிந்தது. வகுப்பை நிற்கவைத்துச் செய்தியைச் சொன்னார் முதல்வர். எல்லோரும் கைதட்டினார்கள். முதல் பெஞ்சில் ஒருத்தி மட்டும் கையைத் தூக்கினாள். வகுப்பில் அவளுக்குப் பெயரே ‘டவுட்டு’.

“சார், அப்ப எங்க பரீட்சை?”

“பரீட்சை எங்கம்மா ஓடிடப் போகுது? அரசு ஆய்வுக் குழு வந்துட்டுப் போனதும் நீங்க மறுபடி மாணவர்தான்.”

“எனக்குத் தண்ணி சோதிக்கிற லேப்ல வேலை தர்றேன்னு சொல்லியிருக்காங்க சார். இந்த வருஷமே டிகிரி காட்டணும்.”

“நீ பட்டம் கொடுக்கிற இடத்துல உக்காந்திருக்கம்மா! உனக்கில்லாத பட்டமா?”

அவளுடைய அப்பா தையல்காரர். செய்தி கேட்டதும் இயந்திரத்தை நிறுத்திவிட்டார்.

“படிச்சு முடிக்கிறதுக்குள்ள வாத்தியாரா? என்னத் துணி வெட்டவே மூணு வருஷம் கழிச்சுத்தான் விட்டாரு எங்க முதலாளி.”

“பயமா இருக்குப்பா.”

“எதுக்குப் பயம்? பெரியவங்க யோசிக்காமயா செய்வாங்க?”

பெரியவர்கள் யோசித்துத்தான் செய்திருந்தார்கள். பயமே அதனால்தான்.

ஆய்வுக் குழு வந்தது. அவள் இரண்டாமாண்டுக்கு ஒளிச் சிதறலைப் பற்றி நடத்திக்கொண்டிருந்தாள். உண்மையில் நன்றாகவே நடத்தினாள். பின் பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து, “அக்கா, இன்னொரு தடவை சொல்லுங்கக்கா” என்றாள்.

குழுத் தலைவர் புருவத்தை உயர்த்தினார். “ஆசிரியரை அக்காங்கிறாங்க?”

“குடும்பச் சூழல் சார்,” என்றார் முதல்வர். “அதுவும் ஒரு நிபந்தனையாச்சே.”

தலைவர் அவள் பக்கம் திரும்பினார். “எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?”

“மூணு வருஷமா சார்.” பொய் அவளுக்கு வரவில்லை. “சார், நான் ஆசிரியர் இல்ல. மாணவி.”

முதல்வர் சுவரைப் பிடித்துக்கொண்டார். தலைவரோ கண் கலங்கிவிட்டார்.

“பாருங்க! இதான் அடக்கம். சாகிற வரைக்கும் தன்னை மாணவியா நினைக்கிறவங்கதான் நிஜமான ஆசிரியர். எழுதிக்குங்கய்யா, ‘ஆசிரியர் தரம்: மிகச் சிறப்பு.’”

ஒரே மாதத்தில் கல்லூரி பல்கலைக்கழகம் ஆனது. அவள் முதல்வரின் அறைக்கு ஓடினாள். அவர் இப்போது துணைவேந்தர்.

“சார், என்னைத் திரும்ப மாணவியாக்கிடுங்க.”

“உக்காருங்க மேடம்.” ‘ஏம்மா’ போய் ‘மேடம்’ வந்திருந்தது. “ஒருத்தர இறக்கினாலும் கணக்கு உதைக்கும். குழு வருஷா வருஷம் வருமாம்.”

“பரீட்சை வருதே சார்!”

“அதான், உங்களையே மேற்பார்வைக்குப் போட்டிருக்கேன்.”

பரீட்சை நாள் வந்தது. இறுதியாண்டு இயற்பியலுக்கான கூடத்தில் பெஞ்சுகள் துடைத்துவைக்கப்பட்டிருந்தன. மேற்பார்வைக்கு அந்த வகுப்பே திரண்டிருந்தது. எழுதத்தான் ஒருவரும் இல்லை. காப்பியடித்தவர் இல்லை, தோற்றவரும் இல்லை. பின்னாளில் அரசு இதைத் தனியாகப் பாராட்டியது.

அவள் கேள்வித்தாளைப் பிரித்தாள். எல்லாம் தெரிந்த கேள்விகள். முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள்.

“ஏய் டவுட்டு, எந்திரிடி,” என்றாள் தோழி. “மாட்டிக்குவ.”

“மாட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்.”

இரண்டு பக்கம் முடிவதற்குள் துணைவேந்தர் வந்துவிட்டார். விடைத்தாளை மெதுவாக, மரியாதையாக உருவினார்.

“மேடம், கேள்வித்தாளக் கையில வச்சிருக்கிற மேற்பார்வையாளரே பரீட்சை எழுதலாமா? முறைகேடு இல்லையா? இந்தப் பல்கலைக்கழகத்துல முறைகேட்டுக்கு இடம் கிடையாது.”

தண்ணீர் சோதிக்கும் வேலை வேறொருவருக்குப் போனது.

தாளாளர் இப்போது வேந்தர். குழுத் தலைவர் ஓய்வுபெற்று அதே பல்கலைக்கழகத்தில் ஆலோசகராக இருக்கிறார். பட்டமளிப்பு விழா அங்கிகளைத் தைக்கும் வேலை அப்பாவுக்குக் கிடைத்தது. தைத்துக் கொடுத்தார், விழாவுக்குப் போகவில்லை. அவள் மறு ஆண்டும் பாடம் நடத்தினாள். அந்த ஆண்டு முடிவில் அரசு மேலும் ஒரு மகத்தான நிபந்தனையை இயற்றியது: பட்டம் பெறாத எவரும் ஆசிரியராக இருத்தல் கூடாது. பல்கலைக்கழகம் அதிர்ச்சி அடைந்தது. தகுதியின்றி இத்தனை காலம் தன்னை ஏமாற்றிய ‘போலி ஆசிரியர்கள்’ அனைவரையும் ஒரே நாளில் வெளியேற்றி, அவர்கள்மீது காவல் நிலையத்தில் புகாரும் கொடுத்தது. அவள் வாரம் ஒரு முறை அங்கே போய்க் கையெழுத்துப் போடுகிறாள்.

ஆனாலும் பதினைந்து பேருக்கு ஒருவர் என்ற கணக்கு எந்தக் குழுவின் கண்ணிலும் குறையவில்லை. அடுத்த குழு வருவதற்குள் வேறொரு வகுப்புக்குப் பட்டம் கொடுத்து, மறுநாளே பதவி உயர்வும் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பட்டங்களுக்குப் பரீட்சை வைக்க நேரம் இருக்கவில்லை.