மூக்கு மட்டும் மிஞ்சிய கிளி

வெளியூர்க்காரர் யாராவது வந்து நின்றால் போதும், உள்ளூர்க்காரனுக்கு வரலாறு தானாகச் சுரக்கும். நான் ராஜபாளையத்துக்காரன். பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரைப் பற்றி எனக்கு உருப்படியாகத் தெரிந்தது, பால்கோவா எந்தக் கடையில் சூடாகக் கிடைக்கும் என்பது மட்டுமே. (அதுவும் மனைவி சொல்லித் தெரியும்.)

மகளுக்குக் கோயம்புத்தூரில் நல்ல வரன் ஒன்று அமையும்போல் இருந்தது. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஒரே ஆசை: ஆண்டாள் கையிலிருக்கும் கிளி. இலைகளால் தினமும் புதிதாகக் கட்டுவார்கள், மூக்குக்கு மாதுளம்பூ. கேட்டு வைத்தால் முந்தின நாள் கிளி பிரசாதமாகக் கிடைக்கும்.

"அது கைக்கு வந்துட்டா அன்னிக்கே தட்டு மாத்திக்கலாமுங்க" என்றார்.

ஒரு மாதம் சொல்லி வைத்து, அவர் ஊருக்கு வந்த அன்று கோயிலுக்குள் அவர் கண்ணெதிரிலேயே வாங்கிவிட்டேன். "வண்டி வரைக்கும் நானே பத்திரமா கொண்டு வாரேன்" என்று வலியப் பொறுப்பும் ஏற்றேன்.

கோயிலை விட்டு வெளியே வந்ததும் மனைவி பால்கோவா வாங்கப் போனாள். நான் தேரடியில் நின்று, சம்பந்தியம்மாவுக்குத் தேரின் பெருமையை எடுத்துவிட்டேன். பேராசிரியர் தோரணை. இரு கைகளும் முதுகுக்குப் பின்னால். கிளியும் அங்கேதான்.

தேரிலிருந்து கோபுரத்துக்குத் தாவியபோது பின்னால் ஒரு மெல்லிய இழுப்பு. நான் அளந்துவிட ஆரம்பித்தால் என் மனைவி பின்னால் நின்று கையை இழுப்பாள். 'போதும், நிறுத்துங்க' என்று பொருள். நான் நிறுத்தவில்லை. இழுப்பு பலமானது. வீம்புக்குக் கோபுரத்தில் இன்னொரு நிலை ஏறினேன்.

அப்போது எதிர்க்கடையிலிருந்து பால்கோவா டப்பாவோடு மனைவி வந்துகொண்டிருந்தாள்.

திரும்பினேன். ஓர் ஆடு. நிதானமாக மென்றுகொண்டிருந்தது. என் கையில் மாதுளம்பூ மட்டும்.

நல்லவேளை, சம்பந்தியம்மா கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தா வாரேம்மா" என்று பூக்கடைக்கு ஓடினேன்.

"அக்கா, சட்டுனு ஒரு கிளி கட்டிக் குடுங்க!"

"நான் மல்லியப்பூ கட்டுதவ அண்ணாச்சி. கிளிக்கு எங்க போவேன்?"

"மூக்கு எங்கிட்ட இருக்குக்கா. பாக்கிய மட்டும் கட்டுங்க!"

வெற்றிலையையும் மரிக்கொழுந்தையும் சேர்த்து நூல் சுற்றிக் கொடுத்தார். மூக்கில் அடிபட்ட பெருச்சாளி மாதிரி இருந்தது. பயபக்தியோடு கொண்டுபோய் நீட்டினேன்.

சம்பந்தியம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏனுங்க, உள்ள வாங்கறப்ப இது கிளியா இருந்துச்சுங்களே?"

ஓர் உண்மையைச் சொல்லியிருந்தால் போதும். பதற்றத்தில் மூட்டையையே அவிழ்த்துவிட்டேன்.

"ஆடு தின்னுருச்சும்மா! தேரைப் பத்திச் சொன்னதுல பாதி நானா விட்டது! ராஜபாளையம் நாய் வளக்கேன்னு சொன்னேன்ல, நாயைக் கண்டாலே நடுங்குவேன்! எம் மகளுக்கு ரசம்கூட வைக்கத் தெரியாது!"

மனைவி தலையில் கைவைத்தாள். "ரசத்த யாராச்சும் கேட்டாகளா?"

சம்பந்தியம்மா ஆட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தவர் ஓய வெகுநேரம் ஆனது. பிறகு பெருச்சாளியிலிருந்து மாதுளம்பூவை மட்டும் உருவி முந்தானையில் முடிந்துகொண்டார்.

"மூக்கு நெசந்தானுங்களே? போதுமுங்க. ரசம் எம் பையன் வெப்பான்."

அன்று மாலையே தட்டு மாற்றினோம்.

இப்போதும் நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பேச ஆரம்பித்தால், மாப்பிள்ளை உட்பட வீட்டில் யாராவது ஒருவர் பின்னாலிருந்து மெல்ல இழுப்பார். உடனே நிறுத்திவிடுவேன். திரும்பியதும் முகத்தைப் பார்ப்பதில்லை. எத்தனை கால் என்றுதான் முதலில் எண்ணுகிறேன்.