பவளம் வாங்கிய மாப்பிள்ளை

கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருக்கும் ஆண்பிள்ளை, பூ வைக்கும் நாள் வரைக்கும் கடைப்பக்கமே போகக் கூடாது. போனாலும் பவளம் வாங்கக் கூடாது. இதை நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டேன்.

போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் தரம் பிரிப்பது என் வேலை. தேவாரத்தில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெயர் தமிழரசி. பெண் பார்க்கப் போன அன்று ஐந்து நிமிடம் தனியாகப் பேச விட்டார்கள். நான் ஏலக்காயைப் பற்றி நாலு நிமிடம் பேசினேன். மிச்சமிருந்த ஒரு நிமிடத்தில் அவள், "எனக்குக் கடல்னா உசுரு" என்றாள். மூன்று பக்கமும் மலை நிற்கிற ஊர்க்காரனிடம் சொல்கிற பேச்சா இது? ஆனால் எனக்குள் ஒரு கிறுக்கன் விழித்துக்கொண்டான். கடலை வீட்டுக்கே கொண்டுவந்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

கண்ணாடித் தொட்டி வாங்கி, அதற்கென்று விற்கிற உப்பைக் கரைத்து, ஒரு மாதத்துக்கு மேல் வெறும் தண்ணீரும் கல்லுமாக ஓடவிட்டேன். (அம்மா அதை "ஊறுகாய்த் தொட்டி" என்றாள்.) பிறகு மதுரைக்கு ரயில் ஏறினேன்.

கடையில் ஊதா நிறத்தில் கிளை கிளையாக இருந்த பவளத்தின் மேல் கை வைத்தேன்.

"அது கைக்குழந்தை மாதிரி சார். வெளிச்சமோ சூடோ கொஞ்சம் மாறுனாலும் போச்சு. புதுசா வளர்க்கிறவங்களுக்கு இந்த மூணுதான்" என்று கடைக்காரர் எடுத்து வைத்தார். நீலக் காளான் போல ஒன்று, பச்சைப் புல்தரை போல ஒன்று, ஆரஞ்சு நிறச் சட்டைப் பொத்தான்களை ஒட்டிவைத்தது போல ஒன்று. "எல்லாம் பண்ணையில வளர்த்தது, கடல்ல பிச்சது இல்ல. இந்தப் பொத்தானை மட்டும் வெறுங்கையால தொடாதீங்க. விஷம். கண்ணுல பட்டா வம்பு."

"நாங்க ஏலக்காயே வளர்க்கிற ஊர்க்காரங்கண்ணே" என்றேன். (இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்கவில்லை. பெரிய மனிதர்.)

போடியில் இறங்கியதும் சிலமலைச் சித்தி எதிரே வந்தார். "பையில என்னப்பா?"

"பவளம் சித்தி."

சித்திக்குத் தெரிந்த பவளம் மோதிரக் கல். அதைப் போடுகிறவன் செவ்வாய் தோஷக்காரன். என்னை இரக்கத்தோடு ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். நான் பவளங்களைத் தொட்டியில் இறக்கி முடிப்பதற்குள் செய்தி தேவாரம் போய்ச் சேர்ந்துவிட்டது.

மறுநாள் காலை பார்த்தால் மூன்றும் இறுக மூடிக் கிடந்தன. பயணக் களைப்பு என்று விட்டிருக்கலாம். நான் பொத்தானை விரலால் நோண்டி எழுப்பினேன். பிறகு கண் அரித்தது. அதே விரலால் தேய்த்தேன். பத்தே நிமிடத்தில் வலது கண் தக்காளியாகி, இமை தன்னால் அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. அப்போதுதான் வாசலில் ஜீப்பு வந்து நின்றது. தமிழரசியின் அப்பாவும் அம்மாவும்.

"ஜாதகத்துல செவ்வா இல்லைன்னு சொன்னீக. பெறகு எதுக்குத் தம்பி பவளம்?" என்று அவள் அப்பா உட்காரும் முன்பே கேட்டார்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். கண் மூடிக்கொண்டது. ஒரு கண் மட்டும். எதிரே இருந்தது அவள் அம்மா. கண் திறந்தது, மறுபடி மூடியது. அவர் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார். சமாளிப்பதற்காகச் சிரித்து வைத்தேன். (கண்ணடித்துவிட்டுச் சிரிப்பவனுக்கு ஊரில் என்ன பெயர் என்பது சிரித்த பிறகுதான் உறைத்தது.)

"கெளம்புங்க" என்றார் கணவரிடம். "தோஷம்னாக்கூட பரிகாரம் இருக்கு. இது வேற."

"தோஷமில்ல அத்தே, தொட்டி!" என்று கத்திக்கொண்டே இருவரையும் உள்ளே அழைத்துப் போய்க் காட்டினேன். உள்ளே மூன்று பவளமும் ஊறிப்போன கத்திரி வற்றல் மாதிரி கிடந்தன.

"இதுக்கா மதுரைக்குப் போனீக?" என்ற அவள் அப்பா, சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லத்தான் மகளை வீடியோவில் கூப்பிட்டார். தொட்டியையும் என்னையும் காட்டினார். தமிழரசி உற்றுப் பார்த்தாள்.

"கையை விட்டு நோண்டுனீங்களா?"

"லேசா."

"அதே கையால கண்ணைத் தேச்சீங்களா?"

"லேசா."

"அப்பா, அவரை நல்லாக் கண்ணைக் கழுவச் சொல்லி, வெரசா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. கண்ணு போயிரப் போகுது. பவளத்தை யாரும் தொடாதீங்க, தன்னால விரியும்."

கண் டாக்டர், "என்ன பட்டுச்சு?" என்றார். "பவளம்" என்றேன். "மோதிரம் குத்திருச்சா?" என்றார். அவள் அப்பா அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார்.

சாயங்காலம் கண்ணில் கட்டோடு திரும்பினோம். என் அம்மாவும் அவள் அம்மாவும் தொட்டி முன்னால் ஆளுக்கொரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்கள். நீலமும் பச்சையும் ஆரஞ்சுமாக மூன்றும் விரிந்து ஆடிக்கொண்டிருந்தன. அவள் அம்மா திரும்பாமலே, "பேசாம வாங்க மாப்ளே. மூடிக்கிரும்" என்றார். மாப்ளே!

போன மாதம் என் கொழுந்தியாளைப் பெண் பார்க்க ஒரு பையன் வந்தான். காபியைக் கையில் வாங்கும்போது, பாவம், தூசி விழுந்து அவன் கண் லேசாகச் சிமிட்டியது. மொத்தக் கூடமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. மாமியார் மட்டும் அவன் பக்கம் குனிந்து, மெல்லக் கேட்டார்:

"ஏந்தம்பி, ஒங்க வீட்லயும் தொட்டி இருக்கா?"