படகைக் கறந்து பார்த்த கதை

ஒரு பொருளை நன்றாகப் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எவ்வளவு பார்க்க வேண்டும், எந்த இடத்தில் பார்ப்பதை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று மட்டும் ஒருவரும் சொல்லித் தருவதில்லை. அதை நான் முட்டுக்காட்டில், பத்து விரல் தோலையும் கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

எனக்குச் சொந்த ஊர் மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் கருங்குழி. விவசாயக் குடும்பம். வேலை செங்கல்பட்டில் ஒரு பம்புசெட் கடையில், போர்வெல் மோட்டார் சர்வீஸ் சூப்பர்வைசர். நீச்சல் தெரியாது. கடலோடு எனக்கிருந்த உறவு, வருடத்துக்கு ஒருமுறை மகாபலிபுரம் போய், பேன்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு நின்று, அலை வந்ததும் பின்னால் ஓடுவதுதான். இப்படிப்பட்டவனுக்கு எதற்குப் படகு என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவி சுமதியும் அதையேதான் கேட்டாள்.

காரணம், அவளுடைய அண்ணன் ஏழுமலை. மச்சான் திருப்போரூரில் ஒரு மனை வாங்கியிருந்தார். வாங்கட்டும், நன்றாக இருக்கட்டும். ஆனால் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மொத்தக் குடும்பத்தையும் வேனில் ஏற்றிக்கொண்டு போய் அந்த மனையைக் காட்டுவார். அங்கே நான்கு கல்லும் நிறைய முள்ளும் இருக்கும். உச்சி வெயிலில் அந்த நான்கு கல்லுக்கு நடுவில் உட்கார்ந்து நாங்கள் புளியோதரை சாப்பிட வேண்டும். சாப்பிடும்போது மச்சான் என் பக்கம் திரும்பி, "நீ எப்ப மாப்ள எதனா வாங்கப் போற?" என்று கேட்பார். ஒவ்வொரு முறையும் கேட்பார். (எட்டாவது முறை கேட்டபோது என் வாயில் புளியோதரை இருந்தது. விழுங்கிவிட்டு யோசித்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.)

"நான் போட்டு வாங்கப் போறேன்" என்றேன்.

ஏன் போட்டு என்றேன், எனக்கே தெரியாது. நிலத்தில் அவரை மிஞ்ச முடியாது என்று மனசு தானாகவே தண்ணீருக்குப் போய்விட்டிருக்க வேண்டும். வேனில் திரும்பி வரும்போதே செய்தி குடும்ப வாட்ஸ்அப்பில் ஏறிவிட்டது. சித்தப்பா ஒருவர் கப்பல் படம் போட்டு வாழ்த்தினார். இனி படகு வாங்காவிட்டால் சாகும்வரை அந்த மனையில் தலை நிமிர்ந்து புளியோதரை சாப்பிட முடியாது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

மோட்டார் சரிசெய்யப் போன ஒரு வீட்டுக்காரர் மூலமாகத்தான் தேசப்பன் கிடைத்தார். முட்டுக்காட்டு மீனவர், ஐம்பது வயதிருக்கும், நிதானமான ஆள். சின்ன ஃபைபர் போட்டு ஒன்று வைத்திருந்தார். இரண்டு வருடமாக வேறொருவரின் பெரிய படகில் போய்க்கொண்டிருந்ததால், இது உப்பங்கழி ஓரம் கேட்பாரற்றுக் கட்டிக் கிடந்தது. விலையும் எனக்கு எட்டுகிற விலைதான்.

"அடில சிப்பி புடிச்சிகினு கீது சார்" என்று அவரே சொன்னார். "ஆனா போட்டு நல்ல போட்டு. கைல ஒரு ரூபா அச்சாரம் குடுத்துட்டு அப்டியே இஸ்துகினு போ. சொரண்டறத அப்பால பாத்துக்கலாம்."

அவ்வளவுதான், எனக்குள் இருந்த விவசாயி விழித்துக்கொண்டான். எங்கள் பக்கம் மாடு வாங்கினால், விற்பவன் வீட்டிலேயே காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை நம் கையால் கறந்து பார்ப்போம். பால் எவ்வளவு, மாடு உதைக்கிறதா எல்லாம் தெரிந்த பிறகுதான் அச்சாரம். கறக்கும் முன் கொடுத்துவிட்டால் நம் பிடி போச்சு. பால் இல்லாத மாட்டை விற்பவன்தான் "அப்டியே புடிச்சிகினு போ" என்பான்.

"மொதல்ல நானே கழுவிப் பாத்துடறேன். அப்புறம்தான் அச்சாரம்" என்றேன்.

தேசப்பன் என் கைகளைப் பார்த்தார். "வேணாம் சார், கை கிழிஞ்சிடும்" என்றார். அவர் வேணாம் என்றதும் என் சந்தேகம் இரண்டு மடங்கானது. அடியில் ஓட்டை இருக்கிறது, மறைக்கிறான்! நான் பிடிவாதமாக நின்றேன். "இன்னாமோ செய்" என்று அவர் விட்டுவிட்டார்.

வீட்டில் சொன்னபோது சுமதி, "எதனா கொஞ்சம் கைல குடுத்துட்டுக் கழுவுங்களேன்" என்றாள். உனக்கு வியாபாரம் தெரியாது என்று சொல்லிச் சிரித்தேன். நன்றாகவே, வாய்விட்டுச் சிரித்தேன்.

கடையில் காய்ச்சல் என்று மூன்று நாள் லீவு போட்டேன். முதல் நாள் தேசப்பனும் இன்னும் நான்கு பேரும் சேர்ந்து படகைக் கரையில் இழுத்துப் போட்டுக் கவிழ்த்தார்கள். அடிப்பக்கத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. முழுக்க வெள்ளை வெள்ளையாக, கரடு முரடாகப் படிந்திருந்தது. இருபது வருடமாக நான் மோட்டாரிலும் பைப்பிலும் பார்க்காத உப்பா?

"இது உப்புக்கறை. ரெண்டு பாட்டில் பாத்ரூம் ஆசிட் போதும்" என்றேன்.

"அது உப்பு இல்ல சார், உசுரு. உள்ள ஆளு கீது" என்றார் தேசப்பன்.

நான் காதில் வாங்கவே இல்லை. ஆசிட்டை ஊற்றினேன். புஸ்ஸென்று நுரை பொங்கியது. "பாத்தீங்களா?" என்று வெற்றியோடு திரும்பினேன். அடுத்த நிமிடம் ஒரு நாற்றம் கிளம்பியது பாருங்கள், மூக்கை மூடினால் வாய் வழியாக உள்ளே வந்தது. படகை இழுத்துப் போட்டுவிட்டு வலை பின்னிக்கொண்டிருந்த அந்த நான்கு பேரும் வலையோடு எழுந்து தள்ளிப் போய் உட்கார்ந்தார்கள். கடலிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் அவர்கள்! தேசப்பன் ஓடிவந்து என் கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கினார். "யோவ், தண்ணில போனா மீனு சாவும்யா!" காலையில் சாராக இருந்த நான் பத்து மணிக்கு யோவ் ஆனேன். அதோடு ஆசிட் வைத்தியம் முடிந்தது.

பிறகு வீட்டிலிருந்து கொண்டுபோன களைக்கொத்தை எடுத்தேன். (ஆமாம், படகைக் கழுவக் களைக்கொத்துதான் கொண்டு போயிருந்தேன்.) ஒவ்வொரு சிப்பியும் படகோடு கூடவே பிறந்ததுபோல் ஒட்டிக்கொண்டிருந்தது. பலமாகக் கொத்தினால் படகு உடைந்துவிடும், மெதுவாகக் கொத்தினால் சிப்பி அசையாது. ஒன்றைப் பெயர்த்தால் அதன் விளிம்பு விரலைக் கீறியது. கீறிய இடத்தில் உப்புத் தண்ணீர் பட்டது. நான் கத்தியதை நல்லவேளை யாரும் படம் பிடிக்கவில்லை. தேசப்பன் ஒரு தட்டை இரும்புத் தகட்டைக் கொண்டுவந்து கொடுத்து, "கோணலா புடிச்சி அடில உடு, நெட்டுக்குத்தா இடிக்காத" என்று காட்டினார். அந்த ஒரு யோசனை இல்லாவிட்டால் நான் இன்னும் அங்கேயே இருந்திருப்பேன்.

கரையில் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள். "இன்னா தேசப்பா, கூலிக்கு ஆளு போட்டுட்டியா?" என்றார் ஒருவர். "கூலி இல்ல அண்ணாத்த, அவரா வந்து செய்றாரு" என்றார் தேசப்பன். கேட்டவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார். தேசப்பனின் மனைவி கன்னியம்மா மத்தியானம் சோறும் மீன்குழம்பும் கொண்டுவந்து வைத்தார். விரல்கள் எரிந்த எரிச்சலில் குழம்பைப் பிசைய முடியாமல் ஸ்பூன் கேட்டேன். மீனவக் குடும்பத்தில் மீன்குழம்புக்கு ஸ்பூன் கேட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

திரும்பும்போது திருப்போரூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து நின்று, "யாருப்பா கருவாட்டுக் கூடைய ஏத்தினது?" என்று கண்டக்டரிடம் சத்தம் போட்டார். நானும் சேர்ந்துகொண்டு சீட்டுக்கு அடியில் கூடையைத் தேடினேன். வேறு என்ன செய்ய?

இரண்டாம் நாள் முதுகு போயிற்று. மூன்றாம் நாள் கோபம்கூடப் போய்விட்டது, வெறும் பிடிவாதம் மட்டும் மிச்சம் இருந்தது. சாயங்காலம் கடைசிச் சிப்பி விழுந்தது. தண்ணீர் ஊற்றித் தேய்த்தேன். உள்ளே ஆகாய நீலம்! தடவித் தடவிப் பார்த்தேன். ஒரு விரிசல் இல்லை, ஓட்டை இல்லை. தேசப்பன் சொன்னது அத்தனையும் உண்மை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்ல வெட்கமில்லை. தேசப்பனும் கன்னியம்மாவும்கூடப் படகைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். என் உழைப்பை மெச்சுகிறார்கள் என்று நினைத்தேன்.

அங்கேயே உட்கார்ந்து குடும்ப வாட்ஸ்அப்பில் படகின் படத்தைப் போட்டேன். "ஞாயிறு பூஜை. அனைவரும் வருக."

ஞாயிற்றுக்கிழமை மச்சானின் அதே வேன் வந்தது. பதினான்கு பேர். பூசணிக்காய், எலுமிச்சம்பழம், கற்பூரம், மாலை, ஆளுக்கொரு துண்டு. படகைக் கழியில் இறக்கி நிறுத்தியிருந்தார்கள். மச்சான் அதைப் பார்த்தார். முன்னால் போய்ப் பார்த்தார், பின்னால் போய்ப் பார்த்தார். கல்யாணமாகிப் பதினொரு வருடத்தில் ஏழுமலை பேசாமல் நின்றதை அன்றுதான் பார்த்தேன். அந்த ஐந்து நிமிடத்துக்காக இன்னும் மூன்று நாள் சிப்பி சுரண்டலாம் என்று தோன்றியது.

சுமதி படகுக்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள். நான் பூசணிக்காய் சுற்றி உடைத்தேன். தேசப்பன் வெள்ளை வேட்டியில், கன்னியம்மா பட்டுப்புடவையில் வந்து கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். விற்கும் பொருளுக்கு இவ்வளவு மரியாதையா என்று நெகிழ்ந்து போனேன். வெற்றிலைத் தட்டில் அச்சாரத்தை வைத்து நீட்டினேன்.

தேசப்பன் தட்டை வாங்கவில்லை. மனைவியைப் பார்த்தார். கன்னியம்மாதான் பேசினார்.

"தப்பா நெனச்சிக்காத சார். இவுரு நல்ல போட்டுன்னுதான் சொன்னாரு, நாந்தான் வூணாப்போன போட்டுன்னு நெனச்சி விக்கச் சொன்னேன். இப்ப பாத்தா புதுசு கணக்கா கீது. இவுரும் எத்தினி நாளிக்கி அடுத்தவன் போட்ல போவாரு? நாங்களே வச்சிக்கறோம்."

"மூணு நாள் கழுவினேனேம்மா!" என்றேன். குரல் கீச்சென்று வந்தது.

"அதான் சார். நீ கழுவலன்னா எனக்கு எங்க தெரியப்போவுது?"

தேசப்பன் முகம் வாடியிருந்தது. "ஒரு ரூபா குடுன்னு மொத நாளே கேட்டேன் சார். அத வாங்கியிருந்தா இவ இன்னா சொன்னாலும் குடுத்திருப்பேன். பேச்சு மாற மாட்டேன். நீதான் வேணாம்னுட்ட" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் படகை மறுபடி கவிழ்த்து ஒவ்வொரு சிப்பியாக ஒட்டியிருப்பேன். ஆனால் அவர் சொன்னதில் தவறு எங்கே இருக்கிறது? விற்கிறவனின் கையைக் கட்டும் கயிற்றை அவனே நீட்டியிருக்கிறான், நான் கட்டமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். என் பின்னால் பதினான்கு பேர் உடைந்த பூசணிக்காயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எங்கேயாவது ஓடிவிடலாம் என்றிருந்தது. சுமதி தட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலை.

தேசப்பன் எல்லோரையும் இரண்டு நடையாகக் கழியில் ஒரு சுற்று அழைத்துப் போனார். மச்சான் முதல் ஆளாக முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டு, செல்ஃபி எடுத்துக்கொண்டார். இறங்கி வந்து என் தோளில் கைபோட்டு, "சூப்பரா கழுவியிருக்க மாப்ள. போட்டு வழுக்கிகினு போவுது" என்றார். உண்மையாகவே பாராட்டினாரா, குத்தினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

தேசப்பன் நல்ல மனிதர். இன்றும் அந்தப் படகில்தான் போகிறார், எங்கள் வீட்டு விசேஷம் எதுவானாலும் மீனோடு வந்து நிற்பார். தை மாதம் பிறந்தால் போன் வரும். "சார், லைட்டா புடிச்சிகீது. ஒனக்கு எப்ப தோதுப்படும்?" அவர் விளையாட்டாகக் கேட்கிறாரா என்று தெரியாமல் முதல் வருடம் போய்விட்டேன். இரண்டாம் வருடம் தெரிந்தும் போனேன். சுமதியிடம் திருக்கழுக்குன்றம் கோயிலுக்குப் போவதாகச் சொன்னேன். என் சட்டையை மோந்து பார்த்துவிட்டு, "சாமி எப்படி இருக்காரு, தேசப்பன் வூட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று ஒரே மூச்சில் கேட்டாள்.

போன மாதம் செங்கல்பட்டில் ஒரு கல்யாணம். பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் என்னை யார் என்று விசாரித்தார். நான் வாயைத் திறக்கும் முன் மச்சான் முந்திக்கொண்டார்.

"எங்க மாப்ள. முட்டுக்காட்டுல ஒரு போட்டு கீது. போட்டு இவுருது இல்ல. கழுவறது மட்டும் இவுரு."

பெரியவர் மரியாதையாகத் தலையாட்டினார். நானும் தலையாட்டினேன். அதில் எந்த வார்த்தையைப் பொய் என்று சொல்ல?