கழுவாத இடது கால்

மர்பி டவுன், பெங்களூர் தண்டு,
19 ஏப்ரல் 1938

தங்கவயலில் இருக்கும் அன்புத் தங்கை ஜூடித்துக்கு, சின்ன அண்ணன் மதலைமுத்து எழுதிக்கொண்டது. சேசுநாதர் கிருபையால் நான் உயிரோடிருக்கிறேன். நீயும் மச்சானும் பிள்ளைகளும் சுகமென்று நம்புகிறேன். உன் மகளின் கலியாணக் கடிதம் கிடைத்தது. ‘இரண்டு அண்ணன்களும் சேர்ந்து வந்து ஆசீர்வதியுங்கள்’ என்று எழுதியிருக்கிறாய். அது நடக்காது. ஏன் என்று கேள்.

பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்குக்கு அப்போஸ்தலர்களாகப் பன்னிரண்டு பேரைப் பங்குச் சாமியார் பொறுக்கினார். வலது காலைத்தான் கழுவுவார் என்பது ஊரறிந்தது; ஆகையால் நானும் எல்லாரையும் போல வலது காலை மட்டும் சோப்புப் போட்டுத் தேய்த்து, நகம் வெட்டி, தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு போனேன். போய் உட்கார்ந்தால் எதிர் பெஞ்சில் உன் பெரிய அண்ணன் அலெக்சாண்டர். தெருக்குழாயில் யார் குடம் முந்தி என்று ஆரம்பித்து ஆறு வருஷமாய் என்னோடு பேசாதவர், அடுத்த வீட்டில் இருந்துகொண்டே மூன்று வருஷத்துக்கு முன் என் மனைவி நோராவின் அடக்கத்துக்கு எட்டிப் பார்க்காதவர், ஞாயிறு தவறாமல் முன்வரிசையில் முழங்காலிட்டு நற்கருணை வாங்குகிறார். நானும்தான் வாங்குகிறேன், அது வேறு விஷயம்.

சாமியாருக்கோ இடுப்புப் பிடிப்பு. ‘ஒருவரையொருவர் நேசியுங்கள் என்பதுதானே இன்றைய கட்டளை, எதிரெதிரே இருப்பவர்கள் நீங்களே கழுவிவிடுங்கள்’ என்று நாற்காலியில் சாய்ந்துவிட்டார். என் முறைக்கு உன் அண்ணன் கால்மேல் தண்ணீரை ஊற்றினதோடு சரி, கை வைக்கவில்லை. பிறகு அவர் சொம்பும் தாம்பாளமுமாக என் முன்னால் மண்டியிட்டார். வலதை நீட்டினேன். “இது வூட்லயே கழுவினது, அந்தக் காலக் குடு” என்று, கோவிலென்றும் பாராமல் இடது காலைப் பிடித்திழுத்துக் காலுறையை உருவிவிட்டார். ஐந்து மாதமாய் ஆறாத புண், ஒருவருக்கும் தெரியாமல் நான் மறைத்து வைத்தது.

“எவ்ளோ நாளா இப்டி கீது?” என்றார். ஆறு வருஷத்தில் முதல் பேச்சு.

“ஒனக்கின்னா? நோரா செத்ததே தெரியாத ஆளு நீ” என்றேன்.

கோவில் முழுக்கக் கேட்டது. அவரோ புண்ணைச் சுற்றி மெதுவாகக் கழுவித் தம் மேல்துண்டாலேயே துடைத்தார். ஊர் முன்னால் என் மானத்தை வாங்கியவரோடு நான் ஒரே பந்தியில் உட்காருவேனா? அது போதாதென்று தினமும் காலையில் மருந்தோடு வந்து கட்டுப் போடுகிறார்; அதையும் வேண்டுமென்றே இறுக்கிக் கட்டுகிறார்.

ஆகவே அவர் வந்தால் நான் வரமாட்டேன். மணமக்கள் ஆண்டவர் அருளால் ஒருமனமாய் நெடுநாள் வாழட்டும். மச்சானுக்கு என் தோத்திரம்.

இப்படிக்கு,
மதலைமுத்து

பி.கு.: காலில் கட்டோடு என்னால் நடக்க முடியாததால் தபாலில் போட அவரையே கூப்பிட வேண்டியதாயிற்று. உறையை ஒட்டுமுன் படித்துவிட்டு, “நோரா அடக்கத்தன்னிக்கு கல்லறை கேட்டாண்ட நின்னுனு இருந்தேன், அதையும் எழுது” என்கிறார். உள்ளே வந்தால் நான் துரத்துவேன் என்று பயந்தாராம். துரத்தியிருப்பேன், ஜூடித். பந்தியில் எங்கள் இருவருக்கும் பக்கத்தில் பக்கத்தில் இலை போடச் சொல்.