மூன்றாவது எலியின் கலாட்டா

"ஒண்ணுமே மாறலையா?"

பேராசிரியர் மறுபடியும் கேட்டார். கணக்கம்மா மறுபடியும் தலையை ஆட்டினாள். கணக்கம்மா என்பது, புள்ளியியல் படித்த குற்றத்துக்கு ஆய்வகம் அவளுக்குக் கொடுத்த பட்டம்.

ஞாபகசக்தி மருந்து கொடுத்த எலிகள் ஆறு, வெறும் தண்ணீர் கொடுத்தவை ஆறு. மருந்தால் மூளையில் எந்த மரபணு கூடுதலாக வேலை செய்கிறது, எது சோம்பேறியாகிவிட்டது என்று கண்டுபிடிப்பதுதான் அவள் பிழைப்பு. மாலையில் பணம் தரும் கமிட்டி வருகிறது. காட்ட ஒன்றுமில்லை என்றால் ஆய்வகத்துக்குப் பூட்டு. அவள் வேலையும் அதோடு போகும்.

"சார், இருபதாயிரம் மரபணுவைப் பார்க்கறோம். குருட்டாம்போக்குல சிலது ஏறி இறங்கத்தான் செய்யும். அதையெல்லாம் கழிச்சா மிச்சம் ஒண்ணுமில்ல."

"ரொம்பக் கழிச்சுட்டியேம்மா. கொஞ்சம் தாராளமா பாரு."

தாராளமாகப் பார்த்தாள். ஆயிரம் மரபணுக்கள் வந்து விழுந்தன. பேராசிரியர் துள்ளினார். ஆனால் அதில் பாதி, மூளை வளர்கிறது என்றது. மீதி, சுருங்குகிறது என்றது.

"எதும்மா சரி? வளருதா, சுருங்குதா?"

"ரெண்டும் சார்."

"அப்போ எதோ ஒரு எலி கலாட்டா பண்ணுது. யாரது?"

மருந்துக் கூட்டத்தில் மூன்றாவது எலியின் எண்கள் மட்டும் கொஞ்சம் ஒதுங்கி நின்றன.

"அது மூஞ்சியே சரியில்லைன்னு நினைச்சேன். தூக்கு!" என்றார் பேராசிரியர். அவர் எந்த எலியின் முகத்தையும் பார்த்தவரில்லை.

தூக்கினாள். இப்போது ஒரே ஒரு மரபணு கொடிகட்டிப் பறந்தது. தூக்கத்தைக் கவனிக்கும் மரபணு.

"நம்ம மருந்து ஞாபகத்துக்குத்தானே சார்?"

"நல்லா தூங்கினாத்தானேம்மா ஞாபகம் நிக்கும்!" என்று அவர் ஒரே மூச்சில் புதுச் சித்தாந்தமே எழுப்பிவிட்டார்.

கணக்கம்மாவுக்கு உறுத்தியது. ஆனால் ஆசை யாரை விட்டது? மதியச் சாப்பாட்டை மறந்து அந்த மரபணுவைப் பற்றியே படித்தாள். ஒருவேளை நிஜமாகவே இருந்துவிட்டால்? அந்த 'ஒருவேளை' அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

மாலையில் வந்த கமிட்டித் தலைவி லேசில் மசிகிறவர் அல்ல. திரையில் இருந்த அந்த மரபணுவின் வரைபடத்தை உற்று உற்றுப் பார்த்தார்.

"இவ்வளவு தெளிவா நான் பார்த்ததே இல்ல. அடுத்து மனுஷங்களுக்கே கொடுத்துப் பார்க்கலாம்" என்றார்.

பேராசிரியர் கண்களைத் துடைத்துக்கொண்டார். அப்போது கதவைத் தட்டி, எலிகளின் சாம்பிள்களை மெஷினில் ஓட்டித் தரும் ஆபரேட்டர் தலையை நீட்டினார். கையில் ஐஸ் பெட்டி.

"சாரி சார், லேட்டாயிடுச்சு. உங்க பன்னெண்டு எலிங்களோட சாம்பிள் இப்பத்தான் வந்துச்சு, இனிமேதான் ஓட்டணும். போன வாரம் நான் அனுப்பின நம்பரெல்லாம் மெஷின் சரியா இருக்கான்னு பார்க்க ஓட்டினது. பாதிக்கு மருந்து, பாதிக்குத் தண்ணின்னு சும்மா பேர் போட்டேன். பன்னெண்டு குழாயிலயும் இருந்தது ஒரே எலிதான்."